வாட்சனுக்கு ஏன் கோபம் வரவில்லை? ஃபேன் ஃபிக்‌ஷன் வாசிப்பதும் பரிந்துரைப்பதும்

ஷெர்லக் ஹோம்ஸ் இறந்துவிட்டதாக நம்பி மூன்று வருடம் கழித்திருக்கிறார் டாக்டர் வாட்சன். இடையில் மனைவியையும் இழந்துவிட்டார். 1894-ல் ஒரு நாள், பழைய புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஒரு கிழவர் அவர் அறைக்கு வருகிறார். வாட்சன் புத்தக அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டு மறுபடி பார்த்தால், மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பது ஹோம்ஸ். வாட்சன் மயங்கி விழுகிறார். வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக மயங்கியது அன்றுதான் என்று அவரே எழுதுகிறார். தெளிந்ததும் நண்பனின் கையைப் பிடித்து, நிஜம்தானா என்று பார்க்கிறார். பூரித்துப் போகிறார். அன்று இரவே சட்டைப் பையில் துப்பாக்கியோடு அவர் கூடக் கிளம்பிவிடுகிறார்.

அவ்வளவுதானா? ஹோம்ஸ் உயிரோடு இருப்பது அவர் அண்ணன் மைக்ராஃப்டுக்கு மட்டும் தெரியுமாம், வாட்சனுக்குத் தெரியக்கூடாதாம். மூன்று வருடமாக ஒரு வரி எழுதிப் போடாத நண்பனிடம் ஒரு சண்டைகூடக் கிடையாதா?

இந்தக் கேள்வி மனதில் முள்ளாகத் தங்கிவிட்ட ஒரு வாசகர் உட்கார்ந்து அந்தச் சண்டையைத் தானே எழுதிவிடுகிறார் என்று வையுங்கள். அதுதான் ஃபேன் ஃபிக்‌ஷன். ஒருவர் படைத்த உலகத்தையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு, அதன் மேலுள்ள பிரியத்தினால், காசு எதிர்பார்க்காமல் இன்னொருவர் எழுதும் கதை. ரசிகர் புனைவு என்று தமிழில் சொல்லலாம். புழக்கத்தில் ஃபேன்ஃபிக், இன்னும் சுருக்கி ஃபிக்.

இந்த ஆசை புதிதல்ல. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வன் முடிந்தபோது, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கல்கியே முடிவுரையில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் போதாமல், பின்னர் விக்கிரமன் நந்திபுரத்து நாயகி என்று அந்தக் கதையைத் தொடர்ந்து ஒரு நாவலே எழுதினார். அது அச்சில் வந்த நாவல், ஃபேன்ஃபிக் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கதை முடிந்த பிறகும் ஆட்களை விட மனமில்லை என்கிற உந்துதல் ஒன்றேதான்.

இன்று நாம் பார்க்கும் வடிவம் பெரும்பாலும் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் போட்ட பாதை. 1967-ல் ஸ்பாக்கனேலியா என்ற ரசிகர் இதழ் வந்தது. அதைப் பார்த்து இன்னும் பல இதழ்கள் கிளம்பின. எல்லாம் ரசிகர்களே அடித்து, அவர்களே தபாலில் அனுப்பியவை. 1998-ல் ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் வந்தது. 2002-ல் அந்தத் தளம் வயது வந்தோருக்கான கதைகளை எடுத்துவிட்டது. வேறொருவர் இடத்தில் கதையை வைத்தால் அவர் மனம் மாறும் நாளில் கதையும் போய்விடும் என்று ரசிகர்களுக்கு இப்படிப் பல தடவை புரிந்தது. 2007-ல் அவர்களே ஒரு லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கி, தங்களுக்கென்று ஒரு களஞ்சியம் கட்டினார்கள். ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்று பெயர், சுருக்கமாக ஏஓ3. 2009-ல் எல்லோருக்கும் திறந்தது. 2019-ல் அறிவியல் புனைவுலகின் ஹியூகோ விருது அந்தத் தளத்துக்கே கிடைத்தது. விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. உங்கள் ரசனைக்கு ஏற்ப எதையும் முன்னால் தள்ளிக்காட்டும் ஏற்பாடும் அங்கே கிடையாது. தேடிக்கொள்வது நம் பொறுப்பு. பரிந்துரை என்ற விஷயம் இத்தனை முக்கியமாகிப்போனது இதனால்தான்.

படிப்பதில் அப்படி என்ன சுகம்

முதல் சுகம், அறிமுகம் தேவைப்படாதது. சாதாரணச் சிறுகதை எழுதுகிறவர் ஆளை அறிமுகப்படுத்தி, வீட்டைக் காட்டி, உறவைச் சொல்லி, அதற்கப்புறம்தான் நம்மை அழ வைக்க முடியும். ஃபிக் எழுதுகிறவர் நேராகக் கதவைத் திறக்கலாம். "வாட்சன் இரண்டாவது கோப்பையையும் எடுத்து வைத்தார்" என்று ஒரு வரி போதும். அந்த மூன்று வருடத்தில் எந்த நாள் இது, ஏன் இரண்டாவது கோப்பை, யார் வரமாட்டார் எல்லாம் நமக்குத் தெரியும். பாதிக் கதையை நாம் ஏற்கனவே கையில் வைத்திருக்கிறோம். ஹோம்ஸை அறியாதவருக்கு அது வெறும் கோப்பை.

இரண்டாவது சுகம், ஒரே காட்சியைப் பலர் கையில் பார்ப்பது. ஹோம்ஸ் திரும்பி வரும் அந்த அறையை எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்! ஒருவர் கதையில் வாட்சன் கத்துகிறார். இன்னொருவர் கதையில் வாய் பேசாமல் வைத்தியப் பையை மூடிவிட்டு வெளியே போகிறார். மூன்றாமவர் அந்தச் சண்டையைப் பத்து வருடம் தள்ளிப்போட்டு, சின்ன விஷயம் ஒன்றுக்காக வெடிக்க விடுகிறார். எனக்குப் பிடித்தது இந்த மூன்றாம் வகை. கோபம் அப்படித்தானே வரும்?

ஓட்டைகளை அடைக்கும் கதைகள் தனி ருசி. வாட்சனுக்குப் போரில் பட்ட குண்டு ஒரு கதையில் தோளில் இருக்கிறது, வேறொரு கதையில் காலில். ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் மறந்துவிட்டார், அவ்வளவுதான். ரசிகர்கள் விடுவார்களா? இரண்டு குண்டு என்பார்கள் சிலர். வாட்சன் எதையோ மறைக்கிறார் என்று ஒரு முழுக் கதையையே கிளப்புவார்கள் சிலர். மூலப் படைப்பின் குறை அவர்களுக்கு எரிபொருள்.

சில சொற்களைத் தெரிந்துகொண்டால் வழி சுலபம். மூலப் படைப்பில் உள்ளது கேனன். மூலத்தில் இல்லாமல், ரசிகர்கள் எழுதி எழுதியே உண்மைபோல் ஆகிவிட்டது ஃபேனன். ஒரு படைப்பைச் சுற்றிக் கூடும் ரசிகர் கூட்டம் ஃபேண்டம். இரண்டு பாத்திரங்கள் சேர வேண்டும் என்று ஆசைப்படுவது ஷிப். அதே ஆட்களை வேறு காலத்திலோ வேறு தொழிலிலோ வைத்து எழுதினால் ஏயூ. சேரப் போகிறவர்களை அத்தியாயம் அத்தியாயமாகக் காக்க வைத்தால் ஸ்லோ பர்ன். சரியாக 100 சொற்களில் எழுதினால் டிராபிள். மேரி சூ என்று ஒரு சொல்லும் காதில் விழும். எல்லாத் திறமையும் கொண்டு எல்லோர் மனதையும் கவரும் அதிசயப் பெண்ணைக் கேலி செய்து 1973-ல் ஒரு ஸ்டார் ட்ரெக் ரசிகர் எழுதிய குட்டிக் கதையின் நாயகி பெயர் அது. அதை வசவாக வீசுவது எனக்குப் பிடிக்காது. முதன்முதலில் எழுத உட்காரும் சின்னப் பெண் தன்னைப் போல ஒருத்தியைக் கதைக்குள் அனுப்பிப் பார்ப்பதில் என்ன தப்பு?

கதையின் நெற்றியைப் படிப்பது

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஏஓ3-ல் ஒவ்வொரு கதைக்கும் மேலே ஒரு தகவல் பகுதி இருக்கும். அதைத் தாண்டி நேராகக் கதைக்குள் குதிப்பவர்கள்தான் பிறகு மனம் நொந்து வெளியே வருகிறார்கள்.

இரண்டு பெயர்களுக்கு நடுவே என்ன குறி என்று முதலில் பாருங்கள். சாய்கோடு இருந்தால் காதல். ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் அந்தத் தொடரின் பாத்திரங்களான கிர்க், ஸ்பாக் பெயர்களுக்கு நடுவே போட்ட கோடு அது. ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகளுக்கு ஸ்லாஷ் என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது. சாய்கோட்டுக்குப் பதில் '&' இருந்தால் நட்பு, குடும்பம் போன்ற உறவு. 'ஹோம்ஸ்/வாட்சன்' என்பதும் 'ஹோம்ஸ் & வாட்சன்' என்பதும் வெவ்வேறு கதைகள்.

அடுத்து எச்சரிக்கை. கடும் வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், பாலியல் வன்கொடுமை, பதினெட்டு வயது ஆகாதவர் சம்பந்தப்பட்ட பாலியல் என்று நான்கு விஷயங்களுக்கு அங்கே எச்சரிக்கை உண்டு. இவை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தால் நிம்மதியாகப் படிக்கலாம். எச்சரிக்கை தர விரும்பவில்லை என்று எழுதியிருந்தால் உள்ளே எதுவும் இருக்கலாம் என்று பொருள். இரண்டும் ஒன்று என்று நினைத்து, நடுராத்திரியில் வாட்சனின் சாவைப் படித்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவள் நான்.

அப்புறம் எண்கள். 'சொற்கள்: 84,210. அத்தியாயங்கள்: 17/?' என்று இருக்கிறது, கடைசி அத்தியாயம் வந்து இரண்டு வருடம் ஆகிறது என்றால் அந்தக் கேள்விக்குறியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை அத்தியாயம் என்று எழுதியவருக்கே தெரியாது. முடிந்த கதைகளை மட்டும் காட்டு என்று வடிகட்ட வழி இருக்கிறது. ஆரம்பத்தில் அதையே பயன்படுத்துங்கள். கூடோஸ் என்பது கைத்தட்டல் மாதிரி, ஒருவர் ஒரு கதைக்கு ஒரு முறைதான் தரலாம். கூடோஸ் நிறைய வாங்கிய கதை பொதுவாக மோசமாக இருக்காது. ஆனால் பழைய கதைக்கும், பலர் விரும்பும் ஜோடிக்கும் அது இயல்பாகவே சேர்ந்துவிடும். போன மாதம் யாரோ எழுதிய, காதலே இல்லாத, வாட்சனும் வீட்டுக்கார அம்மாள் ஹட்சனும் மட்டும் பேசிக்கொள்ளும் நாலு பக்கக் கதைக்கு எங்கிருந்து கைத்தட்டல் வரும்?

கதைச்சுருக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். "எனக்குச் சுருக்கம் எழுத வராது, உள்ளே வந்து படியுங்கள்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தாண்டிப் போய், பிறகு வேறொருவர் சொல்லி அதே கதைக்குத் திரும்பி வந்து அசந்துபோன அனுபவம் எனக்கு ஒன்றுக்கு மேல் உண்டு.

வருத்தங்கள்

முடியாத கதைதான் பெரிய வருத்தம். பதினேழாம் அத்தியாயத்தின் கடைசி வரியில் வாட்சன் கதவுப்பிடியில் கை வைக்கிறார். கீழே எழுத்தாளரின் குறிப்பு: "அடுத்த வாரம் பார்க்கலாம்!" அது எழுதி ஐந்து வருடம். பரீட்சை வந்திருக்கலாம், குழந்தை பிறந்திருக்கலாம், உடம்புக்கு முடியாமல் போயிருக்கலாம், அந்தப் பாத்திரங்கள் மேலிருந்த மோகமே தீர்ந்திருக்கலாம். நமக்குக் கடன்பட்டவர் இல்லை அவர், சும்மா கொடுத்தவர். இது தெரிந்தும் வலிக்கத்தான் செய்கிறது. "அடுத்தது எப்போது?" என்று கேட்டுக் கருத்து எழுதாதீர்கள். "அந்தக் கதவு வரைக்கும் வந்ததே போதும், அந்தக் கோப்பைக் காட்சியை இன்னும் மறக்கவில்லை" என்று எழுதுங்கள். எழுதியவர் அதைப் படிக்கும்போது மனம் குளிரும், ஒரு பாரமும் ஏறாது.

காணாமல் போகும் கதை அடுத்தது. எழுதியவர் ஒரு நாள் எல்லாவற்றையும் அழித்துவிடுவார். அது அவர் உரிமை. சிலர் அழிக்க மனமில்லாமல் பெயரை மட்டும் பிரித்துக்கொள்கிறார்கள். ஏஓ3-ல் இதற்கென்றே வசதி இருக்கிறது. கதை அநாதையாக அங்கேயே இருக்கும், எழுதியவர் யாரென்று தெரியாது. பிடித்த கதையை மின்நூலாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், அந்த வசதியையும் தளமே தருகிறது. உங்கள் வாசிப்புக்கு மட்டும். அழித்தவர் கதையை வேறெங்காவது மறுபடி ஏற்றாதீர்கள்.

அப்புறம் ஃபேனன். ஐம்பது ஃபிக் படித்த பிறகு எது டாயில் எழுதியது, எது ரசிகர் எழுதியது என்று மறந்துவிடுகிறது. இது ஃபிக் வாசகர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. "எலிமென்டரி, மை டியர் வாட்சன்" என்ற புகழ்பெற்ற வசனம் டாயில் எழுதிய கதைகள் எதிலும் அப்படியே கிடையாது.

ரெக் கொடுப்பது

பரிந்துரையை இந்த வட்டத்தில் ரெக் என்பார்கள். "நல்ல ரெக் ஏதாவது இருக்கா?" என்பது அன்றாடக் கேள்வி. பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்று சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

நாவலைப் பரிந்துரைப்பது போல இல்லை இது. கேட்பவருக்கு மூலம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தாலும் அதே பாத்திரங்களைப் பிடித்திருக்க வேண்டும். நட்பாகவே போதும் என்பவருக்குக் காதல் கதையை நீட்ட முடியாது. சாவு வரும் கதையை, வீட்டில் இப்போதுதான் ஒரு சாவு நடந்தவருக்குக் கொடுக்கலாமா? நமக்கே கூச்சம் வேறு. ஒருவரின் புத்தக அலமாரியைவிட அவர் விரும்பும் ஃபிக் அவரைப் பற்றி அதிகம் சொல்லிவிடும். இன்ன மாதிரி அரவணைப்புக்கு, இன்ன மாதிரி மன்னிப்புக்கு ஏங்குகிறவர் என்று தெரிந்துவிடும். நான் ரொம்ப நாள் யாரிடமும் எதையும் சொல்லாமல் இருந்ததற்கு அந்தக் கூச்சம்தான் காரணம்.

நான் முதலில் கொடுத்த ரெக் இப்படி இருந்தது: "சூப்பர் கதை, அழுதுட்டேன், கண்டிப்பா படிங்க." யாரும் படிக்கவில்லை. ஏன் படிக்க வேண்டும்? என் கண்ணீரைப் பற்றித்தான் அதில் தகவல் இருக்கிறது, கதையைப் பற்றி ஒன்றுமில்லை.

இப்போது அதே கதைக்கு இப்படி எழுதுவேன்: "ஹோம்ஸ் திரும்பி வந்த பிறகு நடக்க வேண்டியிருந்த சண்டை. சுமார் 9,000 சொற்கள், முடிந்த கதை, நட்பு மட்டும். ஹோம்ஸ் திரும்பி வரும் ஒரு கதையைப் படித்திருந்தால் போதும். வாட்சனின் மனைவி இறந்த துக்கம் நிறைய வருகிறது, மனது சரியில்லாதபோது வேண்டாம். முதல் இரண்டு பக்கம் மெதுவாகப் போகும், வாட்சன் கடிதங்களை எடுக்கும் இடம் வரை பொறுங்கள். வேகமான துப்பறியும் கதை வேண்டுமென்றால் இது அது இல்லை."

நான் அழுததை விட்டுவிட்டேன், கவனித்தீர்களா? யாருக்கு, எவ்வளவு நேரம், என்ன தெரிந்திருக்க வேண்டும், எங்கே வலிக்கும், எதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. கடைசி வரிதான் எனக்கு முக்கியம். யாருக்குப் பிடிக்காது என்று சொல்லும் பரிந்துரையை ஆட்கள் நம்புகிறார்கள்.

கதையின் இணைப்பை மட்டும் கொடுங்கள், கதையைப் பிரதி எடுத்து அனுப்ப வேண்டாம். முடியாத கதையென்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். மதிப்பெண் போடாதீர்கள், எழுதியவர் கண்ணில் அது படும். காசு வாங்காத ஒருவருக்கு ஐந்துக்கு மூன்று போட நாம் யார்? மூலத்தை எழுதியவரிடமோ அதில் நடித்தவர்களிடமோ ஃபிக்கைக் கொண்டுபோய்க் காட்டவே காட்டாதீர்கள். அது அவர்களுக்கும் சங்கடம், எழுதியவருக்கும் சங்கடம். ஏஓ3-ல் புக்மார்க் செய்யும்போது ரெக் என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது. பொதுவில் சொல்லக் கூச்சமாக இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். உங்களுக்குப் பிடித்த கதையை வேறு யார் புக்மார்க் செய்திருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்கள் பட்டியலுக்குள் நுழைவதும் நல்ல வழி. எனக்குக் கிடைத்த நல்ல கதைகளில் பாதி அப்படி முகம் தெரியாத ஒருவரின் பட்டியலில் இருந்து வந்தவைதான்.

மூலம் தெரியாதவருக்கு ஃபிக் கொடுக்கக் கூடாது என்பதும் என் விதியாக இருந்தது. ஒரு முறை என் தங்கை கையில் அந்தச் சண்டைக் கதையைக் கொடுத்துவிட்டேன். ஹோம்ஸை அவள் படித்ததே இல்லை. பாதி புரியவில்லை என்றாள், ஆனால் முடித்துவிட்டாள். பிறகு டாயில் எழுதியதைத் தேடிப் பிடித்துப் படித்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்து ராத்திரி போன் வந்தது.

"அக்கா, அந்தச் சண்டை எந்தப் பக்கத்துல இருக்கு? ரெண்டு தடவை தேடிட்டேன், காணோம். அவர் பாட்டுக்கு மயங்கி விழுந்து எழுந்து துப்பாக்கியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரே!"